அரிக்கொம்பனைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கம்பத்துக்காரன்:
போடி அண்ணே, வாராவாரம் நீங்கள் எழுதுகிற விநோதச் செய்திக் கொத்தை நான் விடாமல் படிக்கிறவன். இந்த வாரம், அரிசிக்காகக் கடையை உடைத்த கேரளத்துக் காட்டு யானை அரிக்கொம்பன் கதையைத் தூசி தட்டி எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். "ரேஷன் கார்டு இல்லாமலே அரிசி வாங்கிய ஒரே ஆள்", "டிக்கெட் எடுக்காமல் குமுளி வழியாகத் தமிழ்நாடு வந்த பயணி" என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

2023 மே 27, சனிக்கிழமை. பால் வாங்கத் தெருவுக்கு வந்தேன். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து கை இரண்டையும் ஆட்டி "உள்ளே போ, உள்ளே போ" என்று கத்தினார். என்ன ஏது என்று திரும்பினால், தெருமுனையில் தந்தம் தெரிகிறது. எங்கள் தெரு இரண்டு ஆட்டோ ஒதுங்கிப் போக முடியாத தெரு. அதில் யானை நடந்தால் இரண்டு பக்கத்துத் திண்ணைக்கும் நடுவில் ஒரு சாண்கூட மிச்சம் இருக்காது. பால் தூக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கே ஊருக்கு 144 போட்டார்கள். வண்டியில் வந்து அதன் எதிரில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உங்கள் கொத்தில் அந்தப் பெரியவர் ஒரு வரியில்கூட இல்லை அண்ணே. என் கேள்வி அவ்வளவுதான்.

போடி ஏலக்காய்:
தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். அந்தப் பெரியவரை விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிரிக்கவே கூடாது என்றால் அதை நான் ஏற்க மாட்டேன்.

2023 மார்ச்சில், அதாவது கேரளாவில் அரிக்கொம்பனை முதல் தடவை பிடிப்பதற்கு ஏழெட்டு வாரம் முன்னால், தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் மின்வேலியில் 3 பெண் யானைகள் செத்தன. 2 குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த யானைகளை இன்றைக்கு யார் பேசுகிறார்கள்? அவற்றுக்குப் பேர் கிடையாது, கதை கிடையாது. இரண்டு நாள் "ஐயோ" என்றோம், முடிந்தது. அரிக்கொம்பனுக்குப் பேர் இருந்தது. அரிசிக்காகக் கடையை உடைக்கிறான் என்று மக்கள் சிரித்தார்கள், சிரித்ததால் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். பிடித்து முகாமில் அடைத்துக் கும்கியாக்குவது என்பதுதான் கேரளாவில் முதலில் போட்ட திட்டம். விஷயம் உயர்நீதிமன்றத்துக்குப் போய், நிபுணர் குழு உட்கார்ந்து, காட்டிலேயே வேறு இடத்தில் விடலாம் என்று ஆனது. ஏப்ரல் கடைசியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள்; அங்கிருந்துதான் உங்கள் கம்பத்துக்கு இறங்கினான். அதற்குச் சட்டம் தெரிந்தவர்கள் பாடுபட்டார்கள் என்பது சரி. ஆனால் ஊர் முழுக்க அவனை ஒரு ஆளாகப் பார்த்தது அதற்குத் துணையாக நின்றது என்று நான் நம்புகிறேன்.

பயம் மட்டும் இருக்கிற இடத்தில் மின்வேலிதான் வரும். கொஞ்சம் சிரிப்பும் இருந்தால் "சரி, இவனை என்ன செய்யலாம்" என்று யோசிக்க மனசு வரும்.

கம்பத்துக்காரன்:
யார் சிரித்தார்கள் என்று பாருங்கள் அண்ணே. யானையைப் பறம்பிக்குளம் காட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று குழு முதலில் சொன்னதும் அதன் பக்கத்து ஊரான முதலமடையில் மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். "எங்களுக்கு வேண்டாம்" என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே நாட்களில் எர்ணாகுளத்திலும் சென்னையிலும் உட்கார்ந்துகொண்டு "பாவம் அரிக்கொம்பன்" என்று பாட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர்! யானை தூரத்தில் இருக்கிறவரைக்கும்தான் செல்லம். வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்திவிட்டுச் சாமி கும்பிட வேண்டியதுதான்.

அப்புறம், தோப்பில் ஒதுங்கி நின்ற யானைக்கு மேலே ட்ரோன் விட்டு மிரட்டி ஓடவிட்ட கதை உங்களுக்கே தெரியும். வீடியோவுக்காகச் செய்த வேலை அது. விநோதச் செய்தி என்று பேர் வைத்துவிட்டால் அடுத்த நிமிஷம் அதற்குப் பார்வையாளர் வேண்டியிருக்கிறது. ட்ரோன் அதனால்தான் வந்தது.

குமுளி ஜீப்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கம்பத்திலிருந்து தினமும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஓட்டுகிறவன் நான். அந்த வாரம் முழுக்க வண்டியில் பேச்சு இதுதான். சிரிக்கவும் செய்தார்கள், கொண்டைஊசி வளைவு வந்தால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்க்கவும் செய்தார்கள். இரண்டும் ஒரே ஜீப்பில்தான்.

ஆனைமலை அடிவாரம்:
நான் பொள்ளாச்சி பக்கம். எங்களுக்கும் ஒரு அரிசி யானை இருந்தது. பேரே அரிசி ராஜா. வீட்டுச் சுவரை இடித்து அரிசி தின்னும். ஆட்களையும் கொன்றது. 2019 நவம்பரில் அர்த்தநாரிப்பாளையத்தில் வைத்துப் பிடித்தார்கள். கோழிகமுத்தி யானை முகாமில் பழக்கி, முத்து என்று பேர் மாற்றிக் கும்கியாக்கினார்கள். அந்த முத்துவைத்தான் 2023இல் லாரியில் ஏற்றிக் கம்பத்துக்குக் கொண்டுவந்தார்கள், அரிக்கொம்பனைப் பிடிப்பதற்கு!

அரிசி திருடிய யானையைப் பிடிக்க, முன்னால் அரிசி திருடிய யானை. இதைக் கேட்டுச் சிரிக்காதவன் யார்? நானும் சிரித்தேன். ஆனால் அரிசி ராஜாவால் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. டீக்கடையில் சொல்வேன். இடத்துக்கு ஒரு நியாயம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எந்தப் பேச்சை எங்கே பேசுவது என்று ஒன்று இருக்கிறதல்லவா.

போடி ஏலக்காய்:
முத்து விஷயம் எனக்குத் தெரியாமல் போச்சே! அடுத்த கொத்தில் கட்டாயம் வரும். தம்பி கோபித்துக்கொண்டாலும் வரும்.

கம்பத்துக்காரன்:
வரட்டும். ஆனைமலை அண்ணன் சொன்ன அந்த வீட்டையும் சேர்த்து எழுதுங்கள். அப்போது படிக்கிறவன் சிரிப்பானா பார்ப்போம்.

சூரியநெல்லிப் பேத்தி:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஆனால் எங்களில் யாரும் பேசவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் பாட்டி கல்யாணமாகி உத்தமபாளையம் பக்கத்திலிருந்து, அரிக்கொம்பன் திரிந்த சின்னக்கானல் மலைக்கு வந்தவள். கொழுந்து கிள்ளியே மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான் நானும் பிறந்தேன். பக்கத்து அணைக்குப் பேர் ஆனையிறங்கல். பேரிலேயே இருக்கிறது, யானை இறங்கி வருகிற இடம். நாங்கள் வருவதற்கு முன்னாலேயே அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்று பாட்டி சொல்வாள். பாட்டி யானையை "அது" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "அவன்", "அவர்கள்"தான்.

கம்பத்து அண்ணே, சிரிப்பு எர்ணாகுளத்தில் தொடங்கியது என்கிறீர்கள். இல்லை. அது எங்கள் மலையில் தொடங்கியது. அரிக்கொம்பன் என்ற பேரை வைத்ததே அவன் வருகிற வழியில் குடியிருந்தவர்கள்தான். அரி என்றால் அரிசி, கொம்பன் என்றால் தந்தமுள்ளவன். பலாப்பழத்துக்கு அலைகிறவன் சக்கக்கொம்பன். வால் முறிந்தவன் முறிவாலன். மூன்று பேரும் ஒரே மலையில் இருந்தவர்கள். ராத்திரி வெளியே சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் முதல் கேள்வி "யார்?" என்பதுதான். பேர் தெரிந்தால் பாதிப் பயம் போகும். சக்கக்கொம்பன் என்றால் பலா மரம் எந்தப் பக்கம் என்று யோசிப்போம். அரிக்கொம்பன் என்றால் அரிசி எங்கே இருக்கிறது என்று யோசிப்போம்.

ரேஷன் வாங்கிய நாள் ராத்திரி பாட்டி தூங்க மாட்டாள். மாதத்துக்கு ஒரு நாள் அப்படி. அரிசியைத் தகரப் பெட்டியில் போட்டு, மேலே பழைய கம்பளியைப் போர்த்தி, அதன்மேல் மண்ணெண்ணெய்த் துணியைப் போடுவாள், வாசம் தெரியக்கூடாது என்று. அவனுக்குத் தெரிந்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் செய்வாள். பக்கத்து லயத்தில் ஒரு தடவை அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டு மூட்டையை இழுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலையில் அந்த வீட்டு அத்தை இடிந்த சுவர் வழியாகவே வெளியே வந்து, "வாசல் பெரிசாயிருச்சு, இனிமே பீரோ வாங்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அப்புறம் உட்கார்ந்து அழுதார். அழுததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவரவர் தகரப் பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தச் சிரிப்பை யாரும் எங்களிடமிருந்து எடுத்துவிட வேண்டாம். போடி அண்ணே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் "அரிசித் திருடன்" என்று எழுதினீர்கள். எங்களில் யாரும் அவனைத் திருடன் என்று சொன்னதில்லை. 301 காலனி என்று ஒரு இடம் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம். யானை நடக்கிற பாதையிலேயே கொடுத்தார்கள். பல குடும்பங்கள் தாங்க முடியாமல் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டன. அந்த நிலத்தைக் கோடு போட்டுக் கொடுத்தவர்களைப் பற்றி யாரும் ஒரு வேடிக்கைச் செய்தி எழுதவில்லை. யானையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

போடி ஏலக்காய்:
தாயி, "திருடன்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்த அத்தை சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

கம்பத்துக்காரன்:
தங்கச்சி, நீ சொன்னதில் ஒன்றுகூட மறுக்க முடியாது. ஆனாலும் என் கட்சியை விட மாட்டேன். அந்த அத்தை சிரித்தார், நீங்களும் சிரித்தீர்கள், சரி. சுவர் இடிந்தது அவருடையது, அரிசி போனதும் அவருடையது. மறுநாள் அந்த வார்த்தையை யாராவது எடுத்துக்கொண்டுபோய்ச் செய்தியில் போட்டிருந்தால் என்ன ஆகும்? "யானை போட்ட புது வாசல்" என்று தலைப்பு வரும். அத்தையின் அழுகை வராது, ஒரு படி அரிசி வராது. நான் சண்டை போடுவது அப்படி வெட்டிப் போடுவதோடுதான். சிரிக்கிறவரிடம் எனக்குச் சண்டை இல்லை.

ஆனைமலை அடிவாரம்:
தம்பி கடைசியில் சொன்னது சரி. இன்னொரு விதமாகவும் சொல்லலாம். வேடிக்கைச் செய்தி எப்போதும் யானை கடையை உடைத்த இடத்தில் ஆரம்பித்துக் கூண்டு லாரியில் ஏறிய இடத்தில் முடிந்துவிடுகிறது. யானை ஏன் வந்தது, வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பது விநோதமாக இல்லை, அதனால் அச்சில் ஏறுவதில்லை. வால்பாறையில் என்ன செய்தார்கள் தெரியுமா? யானை எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று ஆட்களின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். மேட்டில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். யானை பக்கத்தில் இருந்தால் போன் மூலமே அதை எரியவிடலாம். வேலை முடிந்து இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் தூரத்திலேயே விளக்கைப் பார்த்து நின்றுகொள்வான். வால்பாறையில் செத்தவர்களில் நிறையப் பேர் யானை நிற்பதே தெரியாமல் நேராகப் போய் முட்டிக்கொண்டவர்கள். ஒரு விளக்கு அதைத் தடுக்கிறது. போடி அண்ணே, இதை உங்கள் கொத்தில் போட்டால் எத்தனை பேர் படிப்பார்கள்?

போடி ஏலக்காய்:
குறைவாகத்தான் படிப்பார்கள், மறைப்பானேன். அதனால்தான் முதலில் சிரிக்க வைக்கிறேன். சிரிக்க வந்தவன் நாலு வரி கூடப் படிப்பான். முத்துவில் ஆரம்பித்துச் சிவப்பு விளக்கில் முடித்தால் விளக்கு வரைக்கும் ஆள் வரும். விளக்கில் ஆரம்பித்தால் ஒருவரும் வர மாட்டார்.

கம்பத்துக்காரன்:
அப்படி முடித்த ஒரு கொத்தை முதலில் காட்டுங்கள் அண்ணே. அப்புறம் ஒத்துக்கொள்கிறேன்.

மாஞ்சோலை:
2023 ஜூன் 5 விடியக்காலையில் கம்பம் பக்கத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தவனை எங்கள் பக்கம்தான் கொண்டுவந்தார்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டில், மேல் கோதையாறு பகுதியில் விட்டார்கள். புல்லைப் பிடுங்கித் தண்ணீரில் அலசித் தின்கிற வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். செப்டம்பரில் எங்கள் நாலுமுக்கு எஸ்டேட் பக்கமும் வந்தான். வாழையைச் சாய்த்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெளியே விடவில்லை. சில நாளில் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டான். 2024இல் எங்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை நிறுத்தினார்கள். லயங்கள் நிறைய இப்போது பூட்டிக் கிடக்கின்றன. அதை யாரும் விநோதச் செய்தியாகப் போடவில்லை, போடவும் வேண்டாம்.

சூரியநெல்லிப் பேத்தி:
மாஞ்சோலை அண்ணே, நேற்று ராத்திரி போனில் பாட்டிக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். உங்கள் பதிலை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் கேட்டாள்: "அவன விட்ட எடத்துல இருந்து ரேஷன் கடை எம்புட்டு தூரமாம்?"

உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவாள்.