பாம்படிலை மோதிரம் ஏன் ஒன்றும் செய்யவில்லை? ஔலே தியரி நிற்குமா?

மழைவில்:
ரிங்ஸ் ஆஃப் பவர் தொடரின் இரண்டாவது சீசனில் (2024) டாம் பாம்படில் வந்ததிலிருந்து, "அவர் உண்மையில் யார்?" என்ற பழைய வழக்கு மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. 2001இல் வந்த படத்தில் அவரே கிடையாது. அதனால் படம் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை: லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலில் ஹாபிட்கள் என்னும் சிறிய உருவ மக்கள் ஊரை விட்டுக் கிளம்பியதும் பழைய காட்டில் ஒரு வில்லோ மரத்திடம் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்களை மீட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகும், நீலச் சட்டையும் மஞ்சள் பூட்ஸும் போட்ட ஆள்தான் பாம்படில். தீய அதிபதி சௌரான் வடித்த மோதிரம் போட்டவரை மறைய வைக்கும், ஆசை காட்டிக் கெடுக்கும். பாம்படில் அதை வாங்கி விரலில் மாட்டுகிறார், மறையவில்லை.

எனக்குப் பிடித்தது ஔலே தியரி. உலகைக் காக்கும் பெரிய தெய்வசக்திகளான வலார்களில் ஔலேதான் கொல்லர். சௌரான் ஆதியில் அவரிடம் இருந்த மாயர், அதாவது வலார்களுக்கு அடுத்த நிலை ஆவி. சீடன் வடித்த மோதிரம் குருவை என்ன செய்துவிடும்? பாம்படிலின் மனைவி கோல்ட்பெரியை ஔலேயின் மனைவி யவன்னா என்று வைத்துக்கொண்டால் ஜோடியும் பொருந்துகிறது. நாவலின் வரிகளை வைத்துச் சோதித்தால் இது தேறுமா? "அவர்தான் கடவுள்" என்ற தியரியைப் பற்றியும் சொல்லுங்கள்.

பழையகாடு:
சகோ, முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். "பாம்படிலும் மோதிரமும்" என்று எல்லோரும் ஒரே சம்பவமாகச் சொல்வதற்குள் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. முதல் புத்தகத்தின் 7ஆம் அத்தியாயத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். மோதிரத்தைக் காட்டு என்கிறார். மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட் ஃப்ரோடோ, தனக்கே ஆச்சரியமாக இருக்க, உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறான். அவர் அதைக் கண்ணருகே பிடித்து வளையத்தின் வழியாகப் பார்த்துச் சிரிக்கிறார். சுண்டுவிரல் நுனியில் மாட்டி மெழுகுவத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். ஆள் மறையவில்லை. பிறகு மேலே சுண்டிவிடுகிறார். மோதிரம் பளிச்சென்று மின்னிக் காணாமல் போகிறது, அடுத்த கணம் அவரே அதைத் திருப்பித் தருகிறார். இது நம் மோதிரம்தானா என்று ஃப்ரோடோவுக்குச் சந்தேகம், போட்டுப் பார்க்கிறான். கூட வந்த ஹாபிட் மெர்ரியின் கண்ணுக்கு அவன் தெரியவில்லை. பாம்படிலோ அவனை நேராகப் பார்த்து, கழற்றிவிட்டு வந்து உட்கார் என்கிறார்.

இப்போது ஒவ்வொன்றையும் தனியாக எடைபோடுங்கள்.

மறையாதது பெரிய விஷயமே இல்லை. மோதிரம் போட்டால் மறைவது மனிதர்களும் ஹாபிட்களும் போன்ற சாகப்போகிறவர்கள்தான். அவர்களைத்தான் அது கண்ணுக்குத் தெரியாத உலகத்துக்குள் இழுக்கிறது. சௌரானிடமிருந்து அதை எடுத்த மனித அரசன் இசில்டூர் மறைந்தான். சௌரான் அதைப் போட்டுக்கொண்டு ஆண்டான், மறையவில்லை. ஆக இது நிரூபிப்பது, பாம்படில் சாகப்பிறந்தவர் அல்ல என்பதை மட்டும்.

மறைந்திருந்த ஃப்ரோடோவைப் பார்த்ததும் அப்படித்தான். வெதர்டாப் குன்றில் சௌரானின் அடிமைகளான நாஸ்கூல்களும் பார்த்தார்கள். வலார்களின் நாட்டில் வாழ்ந்த எல்ஃப்கள் இரண்டு உலகத்திலும் ஒருசேர இருப்பவர்கள் என்று க்ளோர்ஃபிண்டல் என்ற எல்ஃபைப் பற்றிப் பேசும்போது மந்திரவாதி காண்டால்ஃப் விளக்குகிறார்.

மோதிரத்தையே மறைய வைத்தது கைவித்தையா, நிஜ வித்தையா என்று பிரதி சொல்லவில்லை. அதன் மேல் எந்தத் தியரியையும் கட்டாதீர்கள்.

மிச்சம் இருப்பது ஆசை. பாம்படிலுக்கு மட்டுமே உரியது இதுதான். ஃப்ரோடோ கொடுக்க வந்தபோது காண்டால்ஃப் பதறி மறுக்கிறார். எல்ஃப் தலைவி கலாட்ரியல் ஒரு கணம் தடுமாறித் திரும்புகிறாள். இன்னொரு மந்திரவாதி சாருமான் அதைக் கையில் வாங்காமலே அதன் மேல் வைத்த ஆசையால் கெட்டான். கொஞ்ச நேரம் சுமந்த, ஃப்ரோடோவின் தோழன் சாமுக்கே, சௌரான் நாட்டின் பாழ்நிலமான கோர்கோராத் முழுக்கத் தோட்டமாக மாறும் கற்பனை வந்தது. பாம்படிலிடம் மட்டும் ஒரு சலனமும் கிடையாது.

"ஔலே பெரியவர், அதனால் தப்பித்தார்" என்ற வாதம் இங்கேதான் சறுக்குகிறது. இந்த மோதிரம் ஆளின் வலுவுக்குத் தக்கபடி வேலை செய்வது. வலு கூடக்கூட ஆபத்தும் கூடும். காண்டால்ஃப் அதைத் தொட மறுப்பதற்கு அவரே சொல்லும் காரணமும் அதுதான். அவரும் மாயர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கல்லச்சு:
பழையகாடு சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஔலே தியரிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். ஜீன் ஹார்க்ரோவ் இதை 1986இல் மித்லோர் ஆய்விதழில் எழுதினார். அந்த வாதத்தின் பலமான இடம் "சௌரானின் குரு" என்பது அல்ல. ஔலேக்குச் செய்வதில்தான் மகிழ்ச்சி, வைத்துக்கொள்வதில் இல்லை. செய்ததைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார் என்று நாவலாசிரியர் டோல்கீனின் புராணத் தொகுப்பான சில்மரில்லியனே சொல்கிறது. ஆக, ஆசை என்ற நான்காவது கேள்விக்கு இந்தத் தியரியிடம் பதில் இருக்கிறது. மற்ற தியரிகள் பலவற்றில் அதுகூட இல்லை.

அடிபடுவது பெயரில். மோதிரத்தை என்ன செய்வது என்று கூடும் எல்ராண்டின் சபையில் பாம்படிலின் பெயர்கள் வருகின்றன: எல்ஃப்கள் வைத்தது இயார்வைன் பென்-அடார், அதாவது தந்தையில்லாத முதியவர், ட்வார்ஃப்கள் வைத்தது ஃபோர்ன், வடக்கத்து மனிதர்கள் வைத்தது ஓரால்ட். ட்வார்ஃப்களைப் படைத்தவரே ஔலே. அவரை அவர்கள் மஹால் என்று கும்பிடுகிறார்கள். தங்களைப் படைத்தவர் பக்கத்துக் காட்டில் பாடிக்கொண்டு திரிய, அவருக்கு வேறு பெயர் வைத்துவிட்டுப் போவார்களா? "மாறுவேடத்தில் இருந்தார்" என்று பதில் சொல்லலாம். ஆனால் மாறுவேடம் என்று ஆரம்பித்தால் யாரை வேண்டுமானாலும் யாராகவும் ஆக்கிவிடலாம், அப்புறம் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

அதே சபையில் காண்டால்ஃப் ஒரு திருத்தம் சொல்கிறார்: மோதிரத்தின் மேல் அவருக்கு அதிகாரம் என்று சொல்லாதீர்கள், அவர் மேல் மோதிரத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லுங்கள். மோதிரத்தை மாற்றவோ, மற்றவர்கள் மேல் அதற்குள்ள பிடியை உடைக்கவோ அவரால் முடியாது. சௌரானுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருக்குப் பொருந்துகிற பேச்சா இது? மற்ற எல்லாம் விழுந்தால் கடைசியில் பாம்படிலும் விழுவார் என்று க்ளோர்ஃபிண்டல் வேறு சொல்கிறார்.

கடவுள் தியரி சுலபம். "பாம்படில் யார்?" என்று ஃப்ரோடோ கேட்க, "அவர் இருக்கிறார்" என்கிறாள் கோல்ட்பெரி. பைபிளின் "இருக்கிறவராக இருக்கிறேன்" காதில் விழுந்து பலர் ஏமாந்தார்கள். 1954இல் ஒரு வாசகர் இதையே கேட்டபோது டோல்கீன் எழுதிய பதிலின் வரைவு 153ஆம் கடிதமாக அச்சில் இருக்கிறது. அந்த அர்த்தத்தை அவர் ஏற்கவில்லை. இந்தக் கதையில் கடவுள் உருவெடுத்து வருவதே கிடையாது என்று 181ஆம் கடிதத்தில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்.

மழைவில்:
ஔலேயை விட்டுவிடுகிறேன், பெயர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. நடமாடும் மர மனிதன் ட்ரீபியர்டைத்தான் காண்டால்ஃப் மிக மூத்த உயிர் என்கிறார். பாம்படிலும் தன்னை மூத்தவர் என்கிறார். யார் சொல்வது சரி? அடுத்து, பாம்படில்தான் மந்திரவாதி அரசன், நாஸ்கூல்களின் தலைவன் என்று ஒரு தியரி சுற்றுகிறதே?

பழையகாடு:
இரண்டாவதை ஒரு கத்தி வெட்டிவிடும். பாரோ மேட்டுக் கல்லறையிலிருந்து ஹாபிட்களை மீட்ட பிறகு, அங்கிருந்த குவியலில் இலை வடிவக் கத்திகளைத் தேர்ந்து ஆளுக்கொன்று தருகிறார் பாம்படில். சிவப்பும் பொன்னுமாகப் பாம்பு வேலைப்பாடு. ஆங்மாரின் கொடிய அரசனிடம் தோற்ற மனிதர்கள் அடித்த கத்தி என்று அவரே சொல்கிறார். அந்த அரசன்தான் நாஸ்கூல்களின் தலைவன். பெலென்னோர் போரில் மெர்ரி அந்தக் கத்தியால்தான் அவனுடைய முழங்காலுக்குப் பின்னால் குத்துகிறான். வேறு எந்தக் கத்தியும் இப்படிக் காயப்படுத்தியிருக்காது என்று சொல்வது பாத்திரம் அல்ல, கதைசொல்லி. தன்னைக் கொல்லத் தோதான ஆயுதத்தை எவன் தேடி எடுத்து எதிரி கையில் கொடுப்பான்?

மூத்தவர் விஷயத்தில் சண்டையே இல்லை என்பது என் வாசிப்பு. காண்டால்ஃப் சொல்வது உயிரினங்களின் வரிசை. பாம்படில் அந்த வரிசையில் நிற்கவில்லை. முதல் மழைத்துளியும் முதல் ஓக் விதையும் நினைவிருக்கிறது என்கிறார்.

ஏன் எந்த வரிசையிலும் நிற்கவில்லை என்பதற்கு விடை கதைக்கு வெளியே இருக்கிறது. பாம்படில் முதலில் டோல்கீன் வீட்டுக் குழந்தைகளின் பொம்மை. 1934இல் ஆக்ஸ்ஃபோர்ட் மேகசினில் அவரைப் பற்றிய பாட்டு வந்தது. கோல்ட்பெரி, வில்லோ மரம், கல்லறைப் பேய் எல்லாம் அதிலேயே உண்டு. நாவலை எழுத ஆரம்பித்தது 1937 டிசம்பரில். ஆக வலார், மாயர் பட்டியலில் தேடினால் அவர் கிடைக்கமாட்டார், அந்தப் பட்டியலிலிருந்து வந்தவரே இல்லை. சில புதிர்கள் இருக்கத்தான் வேண்டும், பாம்படில் தெரிந்தே வைத்த புதிர் என்று 144ஆம் கடிதத்தில் டோல்கீன் எழுதியிருக்கிறார்.

நாவலுக்குள்ளேயே ஒரு குறிப்பு வேண்டுமென்றால் எல்ராண்டின் சபையில் கல்டோர் என்ற எல்ஃப் சொன்னதைப் பாருங்கள்: எதிரியை எதிர்க்கும் வலு அவரிடம் இல்லை, மண்ணிலேயே அப்படி ஒரு வலு இருந்தாலொழிய. இந்த மண்ணின் ஆவி என்று நினைப்பவர்களுக்கு இதுதான் நல்ல பிடிமானம்.

கல்லச்சு:
153ஆம் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மற்றவற்றை அவை மற்றவை என்பதற்காகவே அறிய விரும்பும் மனம் என்று பாம்படிலை விளக்குகிறார். விலங்கியலும் தாவரவியலும் போல. மாடு வளர்ப்பும் வேளாண்மையும் போல அல்ல. "இந்த நிலமெல்லாம் அவருடையதா?" என்று ஃப்ரோடோ கேட்டபோது, அது பெரும் பாரமாகிவிடும் என்று கோல்ட்பெரி மறுப்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். என் கட்சி இதுதான்: உடைமை என்பதே இல்லாத மனதில் மோதிரத்துக்குப் பிடிக்க எந்தக் கொக்கியும் இல்லை.

ஆசையே அற்ற துறவி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கல்லறைப் பொன்னையெல்லாம் வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று புல்லில் பரப்பிவிட்டு, நீலக் கல் பதித்த ஒரே ஒரு ப்ரூச்சை மட்டும் கையில் எடுக்கிறார். வெகுகாலம் முன்பு அதைத் தோளில் அணிந்திருந்த பெண் அழகி, அவளை மறக்கமாட்டோம், இனி கோல்ட்பெரி அணியட்டும் என்கிறார்.