ஓடிஜி-க்கு ஒரு சொல்: மேற்கனல் அடுப்பு

குழுவினருக்கு வணக்கம்.

ஓடிஜி-யை, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில்லர் மூன்றும் சேர்ந்த மின்பெட்டியை, தமிழில் எப்படி அழைப்பது என்று நம் குழுவில் பேச்சு. 'வெதுப்பி' என்று கோவை நண்பர் தொடங்கியது மூன்று நாளாக நீள்கிறது. எனக்கு இது அவசரம். களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மகளிர் குழு 28 லிட்டர் ஓடிஜி ஒன்று வாங்கியிருக்கிறது. அதற்குத் தமிழில் செய்முறைத் தாள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மலையாளத்தில் என்ன சொல்வீர்கள் என்று எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலைக் கடைக்காரரிடம் கேட்டேன். "ஓவன்" என்று கையை விரித்தார்.

வெதுப்பி எனக்கு ஒட்டவில்லை. வெதுவெதுப்பு என்பது எங்கள் பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் பதம். 250 டிகிரி வரை ஏறும் பெட்டியை அப்படி அழைத்தால் யாராவது கையை உள்ளே விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்து அம்மையார் எழுதியபடி அங்கே வெதுப்பி என்றால் ரொட்டியே. அவர் முன்வைத்த 'போறணை' அழகான சொல். போர்த்துக்கீசியர் வழியே வந்து ஈழத்தில் தமிழாகிவிட்டது. ஆனால் அது பேக்கரியில் விறகு எரியும் பெரிய அடுப்பு. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் அதையே 'போர்மா' என்கிறார்கள். சமையல் மேடையில் உட்காரும் பெட்டிக்கு அந்தப் பெயர் வைப்பது பூனைக்குட்டிக்குக் கஜேந்திரன் என்று பெயர் வைப்பதாகும். 'அடுகலன்' என்று ஒருவர் எழுதினார். அடு என்னும் வேர் எங்கள் அடுக்களையில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அடுகலன் என்றால் சமைக்கும் பானை. 'ரொட்டி வாட்டி'யில் கேக்குக்கு இடமில்லை.

ஓடிஜி என்ற மூன்றெழுத்து அந்தப் பெட்டி செய்யும் வேலைகளை அடுக்குகிறது. நாம் அந்த அடுக்கை மொழிபெயர்க்கப் பார்ப்பதால்தான் திணறுகிறோம். கதவைத் திறந்து பாருங்கள்: கீழே கம்பிகள், மேலேயும் கம்பிகள். சாதாரண அடுப்பில் கீழிருந்து மட்டும் சூடு வரும், இதில் மேலிருந்தும் வரும். மைக்ரோவேவில் கனலே இல்லை, அலைதான்.

ஓவன் இல்லாத காலத்தில் என் அம்மா கிறிஸ்துமஸ் கேக் சுட்டது இப்படித்தான். பெரிய அலுமினியச் சட்டியில் ஆற்றுமணல், அதன்மேல் மாவுத்தட்டு, சட்டிக்குத் தகர மூடி, மூடியின்மேல் சிரட்டைக் கனல். கனல் குறைந்தால் கேக்கின் தலை வெளுத்து ஈரமாக நிற்கும். "மேலே கனல் போட்டியா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். நான் ஓடுவேன்.

ஆகவே என் சொல்: மேற்கனல் அடுப்பு. முதலில் 'தணற்பெட்டி' என்றுதான் எழுதினேன். "துணி தேய்க்கவா?" என்று குழுத் தலைவி கேட்டதும் அடித்துவிட்டேன். 'இருகனல் அடுப்பு' என்றால் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு என்று நினைப்பார்கள். ஆனால் அந்த இருகனலை வீசிவிட வேண்டாம், எந்தக் கம்பி சூடாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகில் அதற்கு வேலை இருக்கிறது. அதில் உள்ள மூன்று நிலைகளுக்கு மேற்கனல், அடிக்கனல், இருகனல் என்று சீட்டு ஒட்டிவிட்டோம்.

போன வாரம் ஒருவர் இருகனலில் வைத்து, தட்டை மேல் வரிசையில் செருகிவிட்டார். கேக்கின் மேல் கரிந்து, உள்ளே மாவு. "மேற்கனல் கூடிப்போச்சு" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததே எனக்குப் போதும். தாளில் இப்போது இப்படி இருக்கிறது: "தட்டை நடு வரிசையில் வைக்கவும். ரொட்டித் துண்டின்மேல் சீஸ் உருக மேற்கனல் மட்டும் போதும்."

கடையில் போய் மேற்கனல் அடுப்பு கேட்டால் கிடைக்காது என்று சென்னை நண்பர் எழுதுவார். கடையில் ஓடிஜி என்றே கேளுங்கள், யார் தடுத்தது?

ஒன்று மட்டும் பாக்கி. மாவை வைக்கும் முன் வெறும் பெட்டியைச் சூடாக்குவதற்கு 'முன்வெப்பூட்டல்' என்று இங்கே முடிவாகியிருக்கிறது. தோசைக்கல் காய்ந்ததா என்று கேட்கும் வீட்டில் அது எதற்கு? "180 டிகிரியில் 10 நிமிடம் காயவிடவும்" என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை ஜெராக்ஸுக்குப் போகிறது.