அமோலெட் போன் வாங்குனதுல இருந்து ராத்திரி கண்ணு வலி, 20 ஆயிரத்துக்குள்ள கண்ணை உறுத்தாத ஸ்க்ரீன் எது?

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கம். வயசு 42, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில கணக்கு பாக்குறேன். ஆர்டர் ஷீட், பேக்கிங் லிஸ்ட் எல்லாமே வாட்ஸப்ல பிடிஎஃப்பா தான் வரும், போன் பாக்காம பொழப்பு ஓடாது. பழைய போன் சாதா எல்சிடி (பின்னாடி ஒரு லைட் எரியுற ஸ்க்ரீன்), அது ஒடஞ்சு போச்சுன்னு தீபாவளி ஆஃபர்ல ஒரு அமோலெட் (ஓஎல்இடி வகை, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுற ஸ்க்ரீன்) போன் எடுத்தேன். கம்பெனி பேர் வேணாம், கேமரா பேட்டரி எதுலயும் குறை சொல்ல முடியாது. ஆனா வாங்குனதுல இருந்து ராத்திரி லைட்ட அணைச்சுட்டு படுத்துக்கிட்டு கொஞ்ச நேரம் பாத்தா போதும், புருவத்துக்கு மேல இழுத்துப் புடிக்குது, கண்ணுக்குப் பின்னாடி ஒரே பாரம், சில நாள் குமட்டலே வருது. பகல்ல வெளிய நின்னு பாத்தா ஒண்ணும் பண்றதில்ல. ஆபீஸ்ல நாள் பூரா கம்ப்யூட்டர்ல டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பாக்குறேன் அதுலயும் இப்படி இல்ல.

கடைல கேட்டா புளூ லைட் கார்டு ஒட்டுனா சரியாயிடும்னு ஒட்டி விட்டாங்க, ஸ்க்ரீன் மஞ்சளானது தான் மிச்சம். டார்க் மோட் போட்டா இன்னும் மோசம். வீட்டுக்காரம்மா அதே போனைத்தான் சீரியல் பாக்க எடுக்குறாங்க, அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, எனக்கு தான் மனப்பிரமையாம். இதை வித்துட்டு வேற எடுக்கலாம்னு இருக்கேன், 20 ஆயிரம் பட்ஜெட். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சால்டரிங்_சாமி

அண்ணே மனப்பிரமை எல்லாம் இல்ல. நீங்க சொல்றது பிடபிள்யூஎம் பிரச்சனை மாதிரி தான் தெரியுது. அமோலெட்ல பிரைட்னஸ் கொறைக்கும்போது வெளிச்சத்தை நேரா கொறைக்கிறதில்ல, அணைச்சு அணைச்சு போடுறாங்க, இதுக்குப் பேரு தான் பிடபிள்யூஎம், அணைஞ்சிருக்குற நேரம் கூடக்கூட நமக்கு மங்கலா தெரியும். செகண்டுக்கு 240 தடவை அணைஞ்சு எரியுற ஸ்க்ரீன்னு வச்சுக்கங்க, ஒரு சுத்துக்கு 4 மில்லிசெகண்ட் சொச்சம், பிரைட்னஸ் கால்வாசில இருந்தா அதுல 3 மில்லிசெகண்ட் ஸ்க்ரீன் இருட்டு. கண்ணுக்கு மினுக்குறது தெரியாது, ஆனா சில பேருக்கு தலைக்குத் தெரியுது. பகல்ல பிரைட்னஸ் மேல இருக்கும், அணையுற நேரம் கம்மி, அதான் வெளிய நின்னா ஒண்ணும் பண்ணல.

ஏன் நேராவே கொறைக்கக் கூடாதுன்னா, ஓஎல்இடில கரண்ட்டை ரொம்ப கொறைச்சா கலர் மாறும், சாம்பல் கலர் திட்டுத்திட்டா பச்சையடிக்கும். அந்த அழகுக்காக நம்ம தலைய வலிக்க விடுறாங்க. எல்லாருக்கும் வராது, அதனால அண்ணிக்கு ஒண்ணும் இல்லாதது ஆச்சரியமில்ல.

உங்க போன்ல இருக்கான்னு பாக்கணும்னா, இன்னொரு போனோட கேமராவ ப்ரோ மோட்ல போட்டு ஷட்டர் ஸ்பீட செகண்டுல 4000ல ஒரு பங்கு (1/4000) வைங்க, இருட்டு ரூம்ல உங்க ஸ்க்ரீன்ல வெள்ளைப் பக்கம் ஒண்ணைத் தொறந்து பிரைட்னஸ் கொறைச்சு அதைப் பாருங்க. கருப்பு பட்டை பட்டையா கனமா தெரிஞ்சா மெதுவா ஆழமா அணையுதுன்னு அர்த்தம், பொடிப்பொடியா நெறைய கோடு தெரிஞ்சா வேகம் அதிகம், ஒண்ணுமே இல்லன்னா நல்லது. சாம்சங் எஸ்23 வரைக்கும் செகண்டுக்கு 240 தடவை தான், எஸ்24ல தான் 480 ஆச்சு. சின்ன கம்பெனின்னு நாம நெனைக்கிறவன் இதுல முன்னாடி போயிட்டான், ஹானர் 90 இங்க 2023ல வந்தப்பவே 3840, நத்திங் 2ஏ 2160.

இந்த நம்பரை பாத்து மட்டும் ஏமாந்துடாதீங்க, விளம்பரத்துல போடுற வேகம் சில போன்ல குறிப்பிட்ட பிரைட்னஸுக்கு கீழ தான் வேலை செய்யும். எவ்ளோ வேகம்ங்கறது ஒண்ணு, எவ்ளோ ஆழமா அணையுதுங்கறது இன்னொண்ணு. ஐஇஇஇங்கற உலக இன்ஜினியர்கள் சங்கம் 2015ல எல்இடி லைட்டுக்கு ஒரு வழிகாட்டி போட்டுச்சு, முழுசா அணைஞ்சு எரியுற விளக்குன்னா 1250 ஹெர்ட்ஸுக்கு (செகண்டுக்கு 1250 தடவை) மேல ஆபத்து கம்மி, 3000க்கு மேல பாதிப்பே தெரியாதுன்னு. போனுக்குன்னு போட்டது இல்ல, ஆனா கணக்குப் போட ஒதவும்.

லென்ஸ்கார_அக்கா

நான் ஆப்டோமெட்ரிஸ்ட் (கண்ணு பவர் செக் பண்றவ), தினமும் இதே கதை கேக்குறேன். மேல சொன்னது தப்புன்னு சொல்ல வரல. ஆனா சார் உங்க வயச யாருமே கவனிக்கலையே! 42ன்னா வெள்ளெழுத்து (கிட்ட இருக்குற எழுத்து மங்குறது) ஆரம்பிக்குற வயசு. நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் அதுக்கும் பொருந்தும். கம்ப்யூட்டர் ரெண்டடி தள்ளி இருக்கு, போன் ஒரு அடில இருக்கு, கிட்டப் பாக்க தான் கண்ணு தசை சிரமப்படும். வெயில்ல கண்பாப்பா சுருங்கிடும், சுருங்குனா கிட்ட இருக்குற எழுத்தும் தெளிவா தெரியும், இருட்டுல பாப்பா விரிஞ்சா மங்கும், அப்ப இழுத்துப் புடிச்சு படிப்பீங்க, புருவம் வலிக்கும். டார்க் மோட்ல மோசம்னு சொன்னீங்கல்ல, சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு ஒரே சீரா இல்லாததால வர்ற பவர்) இருந்தா கருப்புல வெள்ளை எழுத்து கசியும்.

அப்புறம் வறட்சி. சாதாரணமா நிமிஷத்துக்கு ஒரு 15 தடவை கண்ணு சிமிட்டுவோம், ஸ்க்ரீன் பாக்கும்போது பாதிக்கும் கீழ போயிடும், அதுல ஃபேன் காத்து மூஞ்சில அடிச்சா கேக்கவே வேணாம்.

அந்த மஞ்சள் கார்டை உரிச்சுப் போடுங்க. புளூ லைட் கண்ணாடி பத்தி 2023ல கோக்ரேன் (மருத்துவ ஆய்வுகளை சேத்து அலசுற அமைப்பு) ரிவ்யூ வந்துச்சு, 17 ஆய்வை சேத்துப் பாத்தாங்க, கம்ப்யூட்டர் பாத்து வர்ற கண் அசதிக்கு சாதா கண்ணாடிக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல. ஆனாலும் எங்க கடைலயே அதை வித்துட்டு தான் இருக்கோம், அது வேற கதை.

கண்ணு சிவந்தா மெடிக்கல்ல போயி எதாச்சும் சொட்டு மருந்து குடுன்னு மட்டும் வாங்காதீங்க, சிலதுல ஸ்டீராய்டு இருக்கும், தொடர்ந்து விட்டா கண்ணு பிரஷர் ஏறும். லூப்ரிகேட்டிங் டிராப்ஸ்னு கேட்டு வாங்குறது வேற. குமட்டல் வரைக்கும் போகுதுன்னா ஒரு தடவை கண் டாக்டர்ட்டயே காட்டிடுங்க.

சால்டரிங்_சாமி

அக்கா சொல்றது நியாயம். அப்ப ரெண்டுல எதுன்னு காசு செலவில்லாம பிரிச்சுப் பாக்கலாம் அண்ணே. அதே ரூம், அதே தூரம், லைட் ஆஃப். செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி போயி எக்ஸ்ட்ரா டிம் போடுங்க (ஆண்ட்ராய்டு 12ல இருந்து இருக்கும்), போட்டுட்டு பிரைட்னஸ் கோட்டை முக்கால்வாசிக்கு மேல ஏத்துங்க. பாக்க அதே மங்கல் தான், ஆனா இப்ப மங்குறது சாஃப்ட்வேர்ல, ஸ்க்ரீன் அணையுற நேரம் கம்மியாயிடும். இதுல வலி கொறைஞ்சா ஸ்க்ரீன் தான் வில்லன். கொறையலன்னா அக்காகிட்ட போங்க. ஐபோன்காரங்க ரெட்யூஸ் வைட் பாயின்ட் வச்சு இதே வேலைய பண்ணலாம்.

பழைய_ஐபோன்_பக்தன்

இதுக்காகவே நான் இன்னும் ஐபோன் 11ல ஓட்டுறேன், எல்சிடி. ஐபோன் 17ல இப்ப டிஸ்ப்ளே பல்ஸ் ஸ்மூத்திங்னு ஒரு ஸ்விட்ச் குடுத்துருக்கான், ஆக்சஸிபிலிட்டில டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் உள்ள இருக்கு, அதைப் போட்டா பிடபிள்யூஎம் ஆஃப். இத்தனை வருஷமா கத்துனதுக்கு இப்பதான் காது கேட்டுருக்கு. உங்க பட்ஜெட்டுக்கு ஆகாது, மத்தவங்களுக்கு ஒதவும்னு சொன்னேன்.

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சாமி தம்பி சொன்ன மாதிரி மச்சான் போனை வாங்கி பாத்தேன், கட்டை கட்டையா கருப்பு பட்டை, மேல இருந்து கீழ ஓடுது, பாத்ததும் வீட்டுக்காரம்மாவே "அய்யோ இதையா பாத்துட்டு இருக்கோம்"ன்னாங்க. எக்ஸ்ட்ரா டிம் போட்டு பிரைட்னஸ் ஏத்துனதும் அந்த புருவ இழுப்பும் குமட்டலும் நல்லாவே கொறைஞ்சுடுச்சு. ஆனா பிடிஎஃப்ல பொடி எழுத்து படிக்கும்போது கண்ணு அசதி மட்டும் அப்படியே இருந்துச்சு, சரின்னு செக் பண்ணப் போனேன், கிட்ட வச்சு படிக்குறதுக்கு பிளஸ் 1.25ம் கொஞ்சம் சிலிண்டரும் எழுதிக் குடுத்துருக்காங்க. அக்கா வாய் முகூர்த்தம்!

இப்ப கண்ணாடி போட்டு பாக்குறேன், பரவால்ல. ஆனாலும் பிரைட்னஸ் ஏத்தியே வச்சா பேட்டரி சீக்கிரம் எறங்குற மாதிரி இருக்கு, ஆட்டோ பிரைட்னஸையும் ஆஃப் பண்ண வேண்டியிருக்கு. அதனால போன் மாத்துறது மாத்துறது தான். எல்சிடிக்கே போயிடவா?

சால்டரிங்_சாமி

போங்க, தப்பில்ல. ஆனா எல்சிடின்னு எடுக்கும்போது வெறும் எச்டி பிளஸ்னு போட்டதை எடுக்காதீங்க, குறுக்க 720 புள்ளி தான், உங்க பேக்கிங் லிஸ்ட் எழுத்தெல்லாம் பிசுறடிக்கும். ஃபுல் எச்டி பிளஸ் எல்சிடி இப்ப கம்மியாயிட்டே வருது, மோட்டோ ஜி64, ரெட்மி 13 5ஜி ரெண்டும் அந்த ரகம், 2024ல வந்தது, ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க. எல்சிடிலயும் பேக்லைட்ட அணைச்சு போடுறவன் உண்டு, அதனால கண்ண மூடிட்டு வாங்காதீங்க. நோட்புக்செக் சைட்ல ஒவ்வொரு போனுக்கும் அளந்து போட்டுருப்பாங்க, அதைப் பாத்துட்டு போங்க.

அமோலெட் தான் வேணும்னா நத்திங் 2ஏ மாதிரி செகண்டுக்கு 2000 தடவைக்கு மேல உள்ளதா எடுத்துட்டு கடைலயே டெஸ்ட் பண்ணுங்க. டெமோ போனை எப்பவும் ஃபுல் பிரைட்னஸ்ல வச்சுருப்பான், அதுல எந்த போனும் நல்லா தான் தெரியும். நீங்க கால்வாசிக்கு கொறைச்சு, கைய மேல மூடி நிழல் பண்ணி மச்சான் போன்ல பாருங்க.

லென்ஸ்கார_அக்கா

கண்ணாடிய கழட்டி வச்சுட்டு டெஸ்ட் பண்ணிடாதீங்க சார். அப்புறம் படுத்துக்கிட்டு பாக்கும்போது போன் தானா மூக்குகிட்ட வந்துடும், ஒண்ணேகால் அடியாச்சும் தள்ளிப் புடிங்க, ரூம்ல ஒரு சின்ன லைட் எரியட்டும்.

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

சரிக்கா. சனிக்கிழமை சம்பளம், அன்னிக்கு சாயங்காலம் மச்சானையும் போனையும் சேத்து கூட்டிட்டுப் போறேன். எது எடுத்தேன்னு இங்கயே போடுறேன். பழைய அமோலெட் போன் வீட்டுக்காரம்மாவுக்காம், இப்பவே சொல்லிட்டாங்க.