காட்பாடி வீட்டுக் கணினிக்குள் சென்னையிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடியவில்லை

கேள்வி:
வணக்கம். ஆம்பூர் டேனரி ஒன்றின் கணக்குகளை காட்பாடி வீட்டிலுள்ள லினக்ஸ் கணினியில் வைத்திருக்கிறேன். வார நாட்களில் சென்னையில் தங்குவதால் தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் தேவைப்படுகிறது. கணினிக்கு 192.168.1.20 என்ற முகவரியை நிலையாக ஒதுக்கி, ரவுட்டரில் 22ஆம் போர்ட்டை (எஸ்எஸ்எச் இணைப்பு நுழையும் வாசல் எண்) அதற்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். வீட்டு வைஃபையில் உடனே நுழைய முடிகிறது. சென்னையிலிருந்து முயன்றால் நெடுநேரம் காக்கவைத்து ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்கிறது. அப்பாவும் ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டார்.

பதில்:
‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்திருந்தால், எதிர்முனையில் ஏதோ ஒரு கருவி உங்களுக்கு மறுமொழி தந்திருக்கிறது என்று கொள்ளலாம். ‘டைம்ட் அவுட்’ என்றால் மறுமொழியே வரவில்லை. வீட்டுக்குள் வேலை செய்வதால் கணினியின் அமைப்பைத் தொட வேண்டாம். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள டபிள்யூ.ஏ.என். ஐ.பி.யும் (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்திருக்கும் முகவரி), வீட்டு இணைப்பிலிருந்து பார்க்கும்போது ஐ.பி. காட்டும் தளத்தில் தெரியும் எண்ணும் ஒன்றுதானா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
ஒன்றல்ல, ஐயா. ரவுட்டரில் இருப்பது 100.72 என்று தொடங்குகிறது.

பதில்:
அப்படியானால் உங்கள் பிழை எதுவும் இல்லை. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்கள், இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை; பழைய இணைய முகவரி முறையான ஐ.பி.வி.4இல் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான் என்பதால் வந்த ஏற்பாடு இது. வெளியிலிருந்து வரும் இணைப்பு எந்த வீட்டுக்குரியது என்று நிறுவனத்தின் கருவிக்குத் தெரியாததால், அது உங்கள் ரவுட்டரை எட்டுவதே இல்லை. போர்ட் எண்ணை 2222 என்று மாற்றிப் பார்ப்பதும் (பலரும் முதலில் செய்வது இதைத்தான்) வீண்வேலை. நிலையான பொது ஐ.பி. கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு.

மற்றொருவர்:
பணம் கட்டுமுன் ஐ.பி.வி.6 (ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரக்கூடிய புதிய முறை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முகவரிப் பகிர்வே குறுக்கிடாது. ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்தக் கணினிக்கு மட்டும் 22ஐத் திறந்தால் போதும். ஆனால் சென்னை முனையிலும் ஐ.பி.வி.6 இருந்தாக வேண்டும். கணக்கு விவரங்கள் இருப்பதால், திறக்குமுன் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு, சாவிக்கோப்பு முறையை (உங்கள் கருவியில் சேமித்த ரகசியக் கோப்பைக் கொண்டு நுழைவது) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
கைபேசி இணைப்பில் ஐ.பி.வி.6 வழியாக நுழைந்துவிட்டேன். அலுவலக இணைப்பில் அது இல்லை. ஆகவே சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டுக் கணினியே அதை வயர்கார்டு (இரு கணினிகளுக்கிடையே மறையாக்கப்பட்ட தனிவழி அமைக்கும் மென்பொருள்) மூலம் அழைத்து, 25 விநாடிக்கு ஒருமுறை தொடர்பைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைத்திருக்கிறேன். இரண்டு நாட்களாக அறுபடவில்லை. ரவுட்டரில் போட்டிருந்த பழைய போர்ட் விதியை அழித்துவிட்டேன். இருவருக்கும் நன்றி.