தம்பியோடு சேர்த்து என்னையும் ஆராய்ச்சிக்குக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

திண்டுக்கல் அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 20 வயது. பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் முதலில் தூக்கம் கெட்டது, அப்புறம் கூடப் படிக்கும் பையன்கள் செல்போன் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டான். காதல் விவகாரமாக இருக்கும் என்றார் மாமா. காத்துக் கருப்பு என்றார் அப்பத்தா. கயிறு கட்டினோம், குணசீலம் கோவிலில் போய்த் தங்கினோம், இப்படியே எட்டு மாதம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மனநல மருத்துவரிடம் காட்டினோம். மனச்சிதைவு நோய் என்றார். மாத்திரை ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. யாரும் இல்லாமலே காதில் கேட்ட குரல்கள் இப்போது கேட்பதில்லை என்கிறான், ஆனால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான், நாலு தடவை சொன்னால்தான் குளிக்கிறான்.

அப்பா திருப்பூரில் வேலை செய்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும். அதனால் மில்லில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு நான்தான் அவனோடு இருக்கிறேன். எனக்கு 25 வயது.

போன தடவை மருந்து வாங்கப் போனபோது ஒரு பெண் ஃபைலோடு வந்து பேசினார். முதல்முறை மனநோய் வந்த இளைஞர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் பற்றிய ஆராய்ச்சியாம். அவனிடம் ஒரு மணி நேரம், என்னிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்பார்கள், ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் திரும்ப வர வேண்டும், பஸ் செலவு தருவார்களாம். அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார், எழுத்தில் போய்விட்டால் நாளைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடக்காது என்கிறார். தம்பி எதுவும் சொல்லவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். நோய் அவனுக்கு, என்னை ஏன் கேட்க வேண்டும்? அந்தப் பெண் பேச்சுவாக்கில் "நீங்க சரியா தூங்குறீங்களா?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. பதில் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. சேர்ந்தால் அவனுக்கு ஏதாவது நல்லது நடக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தாம்பரம் அப்பா:

அம்மா, என் மகனுக்கு இப்போது 34 வயது, 13 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளில் நான் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அனுபவத்தையே சொல்கிறேன்.

முதல் தடவை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்கள். இவரால் உங்களுக்குப் பணக்கஷ்டமா, இவரால் வெளியே போக முடியாமல் இருக்கிறீர்களா என்று அவன் காதுபடக் கேட்டால் எந்தத் தகப்பன் ஆமாம் என்பான்? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொல்லிவிட்டு வந்தேன். முடிவு என்ன ஆனது என்று சொல்ல அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டாவது தடவை தனி அறையில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் மனசில் இருந்ததை முழுதாகச் சொன்னேன், எட்டு வருடத்தில் முதல் தடவையாக. கேட்ட பையன் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான், ஐயா முதலில் தண்ணீர் குடியுங்கள் என்றான். ஒரு வருடம் கழித்துக் குடும்பங்களைக் கூப்பிட்டு, கண்டுபிடித்தது இதுதான் என்று தமிழில் விளக்கினார்கள்.

ஆகவே சேருங்கள், ஆனால் தனி அறை கேளுங்கள், முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், நேரம் கொடுப்பது நீங்கள்தான்.


சமூகப் பணியாளர்:

மனநல சமூகப் பணியில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். என்னை ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அதற்குப் பெரிய கதை உண்டு.

1950களின் கடைசியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர்கள் வீட்டுக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். ஏன் என்று தேடிக்கொண்டு போனதில், வீட்டில் ஓயாமல் குறை சொல்வது, எரிந்து விழுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது, இவையெல்லாம் நோய் திரும்புவதோடு தொடர்புள்ளவை என்று தெரியவந்தது. இதையே 1980களில் சண்டிகரில் செய்து பார்த்தபோது அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாக இருந்தன. இந்த ஆராய்ச்சியால் ஒரு கெடுதலும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது: குடும்பத்தால்தான் நோய் என்று பலர் தப்பாகப் படித்துக்கொண்டார்கள். அது உண்மையில்லை, உங்கள் வீட்டில் யாரும் இந்த நோயை உண்டாக்கவில்லை. ஆனால் நோயைப் பற்றிக் குடும்பத்துக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்து, அவர்கள் பாரத்தையும் குறைத்தால் நோய் திரும்புவது குறைகிறது. இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம்.

நம் ஊரிலும் வேலை நடந்திருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய, மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தில், பராமரிப்பவர்களின் சுமையை அளப்பதற்கென்றே நம் குடும்பங்களுக்கு ஏற்ற ஒரு கேள்வித்தாளை உருவாக்கி 1998இல் வெளியிட்டார்கள். வெளிநாட்டுக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் நம் அம்மாக்கள் பதில் சொல்ல முடியாமல் முழிப்பார்கள், அதைப் பல தடவை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவின் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்கள் வீட்டுக்கே போய் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உதவினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். ஒரு வருடத்தில் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது, பெரிய மாற்றம் இல்லை என்றாலும் கிராமப்புறத்துக்கு அது முக்கியம். உங்களைப் போன்ற குடும்பங்கள் பதில் சொன்னதால்தான் இதெல்லாம் தெரிந்தது.

இப்போது கையெழுத்து. ஒப்புதல் படிவத்தோடு தமிழில் ஒரு தகவல் தாள் தர வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள், அங்கேயே போடச் சொல்லி அவசரப்படுத்தினால் போடாதீர்கள். அதில் நெறிமுறைக் குழுவின், அதாவது ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் குழுவின், தொலைபேசி எண் இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் எண் போட்டுத்தான் தாள்களை வைப்பார்கள், ஆனாலும் யார் பார்ப்பார்கள், குரல் பதிவு உண்டா, அதை எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள், அம்மாவின் பயத்துக்கு அந்தப் பதில்தான் மருந்து. எந்த நேரத்திலும் விலகலாம், விலகினால் தம்பியின் சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 99ஆவது பிரிவு ஆராய்ச்சியைப் பற்றியதுதான், வெறும் நேர்காணலாக இருந்தாலும் நோயாளியின் சுதந்திரமான ஒப்புதல் வேண்டும் என்கிறது. புது மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வா, கேள்வி மட்டுமா என்பதையும் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று, தங்கச்சி. ஆராய்ச்சியில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உங்கள் தூக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி, தமிழிலேயே பேசலாம், நோயாளிதான் பேச வேண்டும் என்று இல்லை.


கோவை நண்பன்:

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. என் சித்தி மகளை வைத்து இரண்டு வருடம் கேள்வி கேட்டார்கள், அவர்களுக்குப் பட்டம் கிடைத்தது, அவள் அதே இடத்தில்தான் இருக்கிறாள். நேரத்தை அவனை நடக்கக் கூட்டிப்போவதில் செலவழியுங்கள்.


மாத்திரை போடுகிறவன்:

அக்கா, நான் உங்கள் தம்பியின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 19 வயதில் வந்தது, இப்போது 26, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன்.

நண்பன் சொல்வது பொய்யில்லை, பதில் சொன்னவருக்கு உடனே எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவார்கள். உள்ளே எதுவுமே எழும்பாது அக்கா, குளிக்கணும் என்று தெரியும், உடம்பு அதற்கு நகராது. அதுவும் நோயின் ஒரு பகுதி, குரல் கேட்பதை மாத்திரை அடக்கிவிடும், இது சீக்கிரம் போகாது. சில சமயம் மாத்திரையின் அசதியும் சேர்ந்துகொள்ளும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

சென்னையிலும் கனடாவின் மான்ட்ரியலிலும் முதல்முறை நோய் வந்தவர்களை இரண்டு வருடம் ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. குரல், சந்தேகம் எல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குறைந்தது. இந்த முடங்கிக் கிடப்பதில் மட்டும் சென்னைக்காரர்கள் அதிகம் தேறினார்கள். சிகிச்சையில் குடும்பம் கூடவே நின்றதும் சென்னையில்தான் அதிகம். என் டாக்டர் இதைச் சொன்னபோது அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் டோக்கன் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்களும் அம்மாவும் மட்டும் முடிவு செய்யாதீர்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தமில்லை, வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. என்னைப் பற்றி என் அம்மாவிடம் என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் நான் ஒரு மாதம் பயந்துபோய் இருந்தேன். அவனிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், பதிலுக்கு இரண்டு நாள் காத்திருங்கள்.


திண்டுக்கல் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. சோம்பேறித்தனம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நேற்று காலையில்தான் அவனை அதே வார்த்தையால் திட்டினேன்.

தகவல் தாளை வாங்கிவந்து அவனிடம் கொடுத்தேன். முதல் நாள் தொடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் எடுத்து இரண்டு பக்கமும் படித்தான். யாரிடமும் காட்ட மாட்டார்கள்தானே என்று மட்டும் கேட்டான். குரல் பதிவு செய்வோம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது, அது வேண்டாம், மற்றபடி சரி என்றான். தான் பேசும்போது நான் வெளியே இருக்க வேண்டுமாம். நான் பேசும்போது அவனும் வெளியே இருப்பானாம்.

அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. வருகிற புதன்கிழமை அவரையும் கூட்டிப்போய் அந்தப் பெண்ணிடமே பேச வைக்கப்போகிறேன். பதிவு இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா, முடிவை எங்களுக்குச் சொல்வார்களா, எனக்குத் தனி அறை உண்டா என்று மூன்று கேள்வியை ஓபி சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் கேட்ட தூக்கக் கேள்விக்கும் இந்தத் தடவை பதில் சொல்லிவிடுவேன்.