கலைச்சொல் விவாதம்: ‘கிரவுடிங் அவுட்’

அன்புடையீர்,

இளங்கலைப் பொருளியல் பாடநூலின் ஏழாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 1998இல் ஆறு குழந்தைகள் காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதமாக வருவோர் ஏறத்தாழ இரு மடங்காயினர். அபராதத்தை நீக்கிய பிறகும் அது குறையவில்லை. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம், பணம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றாகிவிட்டது. பணத்தூண்டல் வந்து அறவுணர்வின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் இதைத்தான் ‘கிரவுடிங் அவுட்’ என்கிறார்கள். அரசு கடன் வாங்குவதால் தனியார் முதலீடு சுருங்குவதற்கும் இதே பெயர். அதற்கு நான்காம் இயலில் ‘வெளித்தள்ளல்’ என்று போட்டாயிற்று. இங்கும் அதையே வைக்கலாமா?

– செ.

*

செ. அவர்களுக்கு,

வெளித்தள்ளல் இருக்கட்டும்; தங்கள் வரைவில் ‘இன்சென்டிவ்’ வரும் இடமெல்லாம் ‘ஊக்கத்தொகை’ என்றிருக்கிறதே, அதை முதலில் மாற்றுங்கள். ஊக்கமுடைமை அதிகாரம் முழுவதிலும் ஊக்கம் உள்ளத்துக்குள்ளேயே பிறப்பது. அதன் கடைசிக் குறள் ‘உள்ள வெறுக்கை’ என்று அதனைச் செல்வமாகவே சொல்கிறது. (வெறுக்கை என்றால் இங்கே செல்வம்; வெறுப்பு என்று பொருள்கொண்டு குழம்புவோர் இன்றும் உண்டு.) உள்ளே பிறப்பதை வெளியே இருந்து தொகையாகக் கொடுப்பது எப்படி?

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். புறநானூறு 134இல் முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ‘அறவிலை வணிகன்’ வள்ளல் ஆய் அல்லன் என்கிறார். ‘அறவிலையாக்கம்’ என்று வையுங்கள். ஈராயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கும்போது நெரிசலில் தள்ளுவானேன்?

– கா.

*

கா. ஐயாவுக்கு வணக்கம்.

ஊக்கத்தொகை பற்றி நீங்கள் சொல்வதை வேறு காரணத்தால் ஏற்கிறேன். நெல் கொள்முதலில் ஆதார விலைக்கு மேல் அரசு கொடுப்பதுதான் என் மாணவர்களுக்கு ஊக்கத்தொகை. அபராதமும் அதில் ஒருவகை என்றால் வகுப்பே சிரிக்கும். ‘தூண்டல்’ போதும்.

ஆனால் அறவிலையாக்கம் இந்த இயலுக்கே பொருந்தாது. அடுத்த பக்கத்தில் வரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வொல்ஃபென்ஷீஸன் என்ற ஊரில் அணுக்கழிவுக் கிடங்கு அமைக்கலாமா என்று 1993இல் கேட்டபோது, நாட்டுக்காக ஏற்கத்தான் வேண்டும் என்ற எண்ணத்தில் பாதிப் பேருக்குச் சற்று மேல் சம்மதித்தார்கள். இழப்பீடு தருகிறோம் என்றதும் சம்மதித்தவர் கேட்கப்பட்டோரில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தனர். ஹைஃபாவில் விலை கொடுத்தார்கள் என்றாவது சொல்லலாம். இங்கே விலை பேசப்பட்டதாலேயே பலர் விற்க மறுத்தார்கள். ஆயைப் போல அவர்களும் அறவிலை வணிகர் அல்லர்! அந்தச் சொல் இரண்டு நிகழ்வுகளில் ஒன்றையே பிடிக்கிறது.

– ம. (கல்லூரி ஆசிரியை)

*

இடையில் ஒன்று. ‘அபராதம்’ என்பது வடமொழியில் குற்றத்தையே குறிக்கும்; நாம்தான் குற்றத்தின் பெயரை அதற்குக் கட்டும் பணத்துக்கு வைத்துவிட்டோம். ஹைஃபாப் பெற்றோர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். தண்டம் என்று போடலாமென்றால், அது தண்டுதல் என்னும் தமிழ்வினையா, வடசொல்லா என்று இன்னொரு மாதம் போகும்.

– இரா.

*

அனைவருக்கும் நன்றி. இன்சென்டிவுக்குத் ‘தூண்டல்’, இதில் மறுப்பில்லை. மற்றதற்கு ‘அறவுணர்வு வெளித்தள்ளல்’ என்று மூவர் சொல்கிறார்கள். மூவருமே வேறு வழியில்லை என்ற குரலில்தான் சொல்கிறார்கள். நாளை அதையே சேர்க்கிறேன்.

– செ.

*

அச்சுக்குப் போவதைத் தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். தள்ளல் என்றால் தள்ளுபவர் வேண்டும். வொல்ஃபென்ஷீஸனில் பணம் எதையும் தள்ளவில்லை, பணத்தைக் கண்டு அறவுணர்வு தானே விலகிக்கொண்டது; ஆகவே ‘விலகல்’ என்ற தன்வினையே தகும். அது புள்ளியியலில் ‘டீவியேஷன்’ ஆயிற்றே என்று ம. அம்மையார் எழுதுவார் என்று தெரியும். அந்தச் சொல்லை அங்கே வைத்தவர்கள் நம்மைக் கேட்டா வைத்தார்கள்?

– கா.