நியாம்கிரி மாதிரி நம்ம டெல்டா கிராம சபைக்கும் பவர் இருக்கா?

மன்னார்குடி மாப்ள:
ஹைட்ரோகார்பன் (எண்ணெய், கேஸ்) திட்டம் வேணாம்னு எங்க ஊர் கிராம சபைல தீர்மானம் போட்டு, கைநாட்டு வைக்கிற பாட்டி வரைக்கும் நோட்டுல பதிஞ்சு குடுத்தோம், ஆபீஸ்ல வாங்கி வச்சதோட சரி. ஒடிசால நியாம்கிரி மலையில டோங்ரியா கோண்டு பழங்குடி ஜனங்க பாக்சைட் சுரங்கத்தையே நிறுத்திட்டாங்களே, நாமளும் தலைமுறை தலைமுறையா இதே மண்ணுதான, நம்மளது மட்டும் ஏன் செல்லாது?

வெண்ணாத்தங்கரை:
அங்க காட்டுல வாழறவங்களுக்கான 2006 வன உரிமைச் சட்டம் இருக்கு தோழர். அத வச்சுதான் 2013ல சுப்ரீம் கோர்ட் கிராம சபையே முடிவு பண்ணட்டும்னுச்சு, 12 ஊர்லயும் முடியாதுன்னுட்டாங்க, அந்த மலைதான் அவங்க சாமி, நியாம் ராஜா. நம்ம பட்டா வயலுக்கு அந்த சட்டம் வராது. நமக்கு தமிழ்நாட்டோட 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம்தான், அதுவும் ஏற்கனவே ஓடிட்டிருந்த திட்டத்த தொடல.

குறுவை குமார்:
ஐநா 2007ல பழங்குடிகள் உரிமைப் பிரகடனம் கொண்டுவந்தப்ப அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாலும் எதிர்த்து ஓட்டு போட்டுச்சு, பின்னாடி மாறிட்டாங்க. இந்தியா ஆதரிச்சுட்டு, இங்க எல்லாருமே பூர்வகுடின்னு நைசா நழுவிடுச்சு. நீங்க கேக்கறதும் கிட்டத்தட்ட அந்த 'எல்லாருமே பூர்வகுடி' வாதம்தான் மாப்ள, கோச்சுக்காதீங்க. நரிக்குறவர் ஜனங்களையே 2023லதான் எஸ்டி லிஸ்ட்ல சேத்தாங்க, புறம்போக்குல குடிசை போட்டவங்களுக்கு பட்டா வாங்க இன்னும் அலைச்சல்தான்.

மன்னார்குடி மாப்ள:
கோவம்லாம் இல்ல. அந்த 2020 சட்டத்துல எண்ணெய் கிணறு தடை லிஸ்ட்ல இருக்கா?

வெண்ணாத்தங்கரை:
இருக்கு. எண்ணெய், கேஸ், மீத்தேன், ஷேல் எல்லாம். புதுசா தோண்ட வந்தா அத காட்டி மனு குடுங்க.